பாயிண்ட்ஸை இப்பவே தீர்த்துடலாமா, வச்சிருக்கலாமா?

இந்த வாரம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஏர்லைன் பாயிண்ட்ஸ், மைல்ஸ் பத்தித்தான், அதாவது பறக்கும்போதும் கார்டுல செலவு பண்ணும்போதும் கணக்குல சேர்றது, அதைக் குடுத்து டிக்கெட் எடுக்கலாம். யாரோ வாட்ஸ்அப்ல எதையோ கிளப்பி விட்டிருக்காங்கனு நினைக்கிறேன், எல்லாருக்கும் ஒரே பதட்டம், ரூல் மாறப்போகுதாமே, சேர்த்ததெல்லாம் போயிடுமா, இப்பவே எதையாவது எடுத்துடவான்னு. சரி, இந்த வாரம் முழுக்க அதையே பேசிடுவோம். விசா, பாஸ்போர்ட்னு எழுதினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த வாரம் உங்களுக்கு.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையா டெல்லி, மும்பைனு எப்பவும் விஸ்தாராலதான் போயிட்டிருந்தார். அதுல சேர்ந்ததெல்லாம் இப்ப ஏர் இந்தியாவோட மஹாராஜா கிளப்ல கிடக்கு, ஒரு 60,000 பாயிண்ட்ஸ் இருக்கும். வருஷா வருஷம் எதையாவது மாத்திட்டே இருக்காங்க, பேசாம ஷாப்பிங் வவுச்சர் வாங்கித் தீர்த்துடலாம்ங்கிறார். எனக்கு மனசே வரல. அடுத்த வருஷம் பொண்ணு காலேஜ் அட்மிஷனுக்கு டெல்லி போக வேண்டி வரும், அப்போ உதவும்ல? யார் சொல்றது சரி?
(வாசகி, வேளச்சேரி)

பதில்: அவர் பயம் நியாயம், ஆனா மருந்து தப்பு. நீங்க சொல்றதுதான் சரி, அதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாத்துட்டு முடிவெடுங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், மாற்றம்னு சொன்னா அதுல ரெண்டு ஜாதி இருக்கு. பாயிண்ட்ஸ் எப்படிச் சேரும்ங்கிறதுல வர்ற மாற்றம் ஒண்ணு, சேர்ந்ததை எப்படிச் செலவு பண்றதுங்கிறதுல வர்றது இன்னொண்ணு. 2024 ஏப்ரல்ல ஏர் இந்தியா பண்ணினதுல பெரிசா பேசப்பட்டது முதல் ஜாதி, எவ்வளவு தூரம் பறந்தீங்கனு பாக்காம டிக்கெட்டுக்கு எவ்வளவு காசு குடுத்தீங்கனு பாத்து பாயிண்ட்ஸ் குடுக்க ஆரம்பிச்சாங்க. அந்த மாதிரி மாத்தும்போது ஏற்கெனவே கையில இருக்கிறதை அவசரமா தீர்க்க வேண்டிய அவசியமே இல்லை, இனிமே சேர்றதுதான் கூடவோ குறையவோ செய்யும். இது தெரியாமத்தான் பாதிப் பேர் அறிவிப்பு வந்த அன்னைக்கே ஓடிப்போய் இருக்கிறதைக் காலி பண்றாங்க.

விஸ்தாரா கதையையே எடுத்துக்கோங்க. 2024 நவம்பர் 12ம் தேதி ஏர் இந்தியாவோட சேர்ந்தப்போ ஒரு பாயிண்ட்டுக்கு ஒரு பாயிண்ட்னு அப்படியே மாத்திக் குடுத்தாங்க, குறைக்கல. அதுமட்டுமில்ல, விஸ்தாரா எந்தக் கூட்டணிலயும் இல்லாத கம்பெனி, ஏர் இந்தியா 2014 ஜூலைல இருந்தே ஸ்டார் அலையன்ஸ்ல இருக்கு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்ஸா, டர்க்கிஷ் எல்லாம் அந்தக் கூட்டணிதான். ஆக பழைய விஸ்தாரா பாயிண்ட்டுக்குப் போக்கிடம் கூடித்தான் போச்சு. சேர்க்கைக்கு முன்னாடி பயந்துபோய் வவுச்சர் வாங்கினவங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமப் போச்சு. மாற்றம்னாலே நஷ்டம்னு அவர்கிட்ட முடிவு கட்ட வேண்டாம்னு சொல்லுங்க.

இப்ப கணக்கு. இது ரொம்ப சுலபம், எட்டாங்கிளாஸ் கணக்குதான். நீங்க போக வேண்டிய தேதிக்குக் காசு குடுத்து வாங்கினா டிக்கெட் எவ்வளவுனு பாருங்க, அதே சீட்டை பாயிண்ட்ஸ் போட்டு எடுத்தா எவ்வளவு பாயிண்ட்ஸ், கூட எவ்வளவு ரூபா டாக்ஸ், சர்சார்ஜ்னு கேக்குதுனு பாருங்க. இலவச டிக்கெட்னு பேரே ஒழிய அந்த டாக்ஸைக் கட்டித்தான் ஆகணும். உதாரணத்துக்கு டிக்கெட் 9,000 ரூபா, பாயிண்ட்ஸ்ல எடுத்தா 12,000 பாயிண்ட்ஸும் 1,800 ரூபாயும்னு வச்சுக்கோங்க. 9,000ல 1,800 போக 7,200, அதை 12,000ஆல வகுத்தா ஒரு பாயிண்ட்டுக்கு 60 பைசா. வவுச்சர்லயும் இதே மாதிரி வகுத்துப் பாருங்க. பெரும்பாலும் வவுச்சர் அடிமாட்டு விலைதான், 20 பைசா 25 பைசாவுக்கு மேல தேறினா நல்ல காலம். டிக்கெட்டா எடுத்தா கிடைக்கிறதுல பாதியைக்கூட வவுச்சர் தராதுனா, ரூல் மாறி விலை கொஞ்சம் ஏறினாலும் உங்களுக்கு டிக்கெட்தான் லாபம். அவர் பயப்படுற நஷ்டத்தை அவரே முன்கூட்டி வாங்கி வைக்கிறார், அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு, அட்மிஷன் சீசன்ல டெல்லிக்கு எல்லாரும் போவாங்க. தேதி ஓரளவு தெரிஞ்ச உடனே போட்டுடுங்க. அக்கவுண்ட்டுக்குள்ள போய் எந்தத் தேதியில காலாவதினு பாத்துக்கோங்க, உங்களுக்கும் பொண்ணுக்கும் அவர் அக்கவுண்ட்ல இருந்து போடணும்னா முன்னாடியே குடும்பத்தினர்னு சேர்த்து வைக்கணுமாங்கிறதையும் இப்பவே பாத்துடுங்க, அவசரத்துல அது முடியாது.

கேள்வி: அக்கா வணக்கம். நான் சிங்கப்பூர்ல வேலை பாக்குறேன், அப்பா அம்மா இங்க என்கூட இருக்காங்க. தங்கச்சி லண்டன்ல, வர்ற வருஷம் அவளுக்குப் பிரசவம், அதுக்கு ரெண்டு பேரையும் பிசினஸ் கிளாஸ்ல அனுப்பணும்னு ஆசை, ஒரு தடவையாச்சும் அப்பா காலை நீட்டிட்டுப் போகட்டுமே. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட கிறிஸ்ஃப்ளையர் திட்டத்துல 2,30,000 மைல்ஸ் சேர்த்து வச்சிருக்கேன். ஒரு டிக்கெட்டுக்கு இவ்வளவு மைல்ஸ்ங்கிற விலையை மறுபடி ஏத்தப்போறாங்கனு ஆபீஸ்ல பேச்சு. தேதி இன்னும் முடிவாகல, விசாவும் எடுக்கல. இப்பவே டிக்கெட் போட்டுடவா, இல்ல எல்லாம் முடிவாகட்டும்னு இருக்கவா? கேன்சல் பண்ணினா வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போயிடுமோனு பயமாவும் இருக்கு.
(வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: போட்டுடுங்க தம்பி. ஆனா ஆபீஸ்ல பேசிக்கிறாங்கங்கிறதுக்காக இல்ல, காரணம் வேற, சொல்றேன்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மைல்ஸ் விலையை ஏத்துறது புதுசே இல்ல. சிங்கப்பூர்ல இருந்து லண்டனுக்கு பிசினஸ் கிளாஸ் சேவர்ல (குறைஞ்ச மைல்ஸ்ல குடுக்கிற டிக்கெட் வகை) ஒரு வழிக்கு 2017 மார்ச்ல 85,000 மைல்ஸ் ஆச்சு, 2019 ஜனவரியில 92,000, 2022 ஜூலையில 1,03,500. 2025 நவம்பர் 1ல மறுபடி ஏத்தினாங்க. பாத்தீங்களா, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும், நடந்துட்டேதான் இருக்கும், யாரும் வதந்தி பரப்பவே வேண்டியதில்ல. மைல்ஸ்ங்கிறது பிரிட்ஜ்ல வச்ச தோசை மாவு, நாள் ஆக ஆகப் புளிக்கும், எப்ப ஊத்துறதுனு நாமதான் பாத்துக்கணும்.

அறிவிப்பு வருதுனா மெயில்லயும் அவங்க வெப்சைட்லயும் தேதியோட வரும். அந்தத் தேதி டிக்கெட் போடுற தேதி, பறக்குற தேதி இல்ல. இதைத்தான் நிறைய பேர் மாத்திப் புரிஞ்சுக்கிறாங்க. மாற்றத்துக்கு முந்தின நாள் ராத்திரி டிக்கெட் கன்ஃபார்ம் ஆயிடுச்சுனா, பயணம் எட்டு மாசம் கழிச்சு இருந்தாலும் பழைய விலைதான். 355 நாள் முன்னாடியே போடலாம்ங்கிறதால கிட்டத்தட்ட ஒரு வருஷத்துப் பயணத்தைப் பழைய விலையில பூட்டிடலாம். ஆனா வெயிட்லிஸ்ட்ல நிக்கிறது கணக்குல வராது, கன்ஃபார்ம் ஆகி மைல்ஸ் கழிஞ்சு டிக்கெட் கைக்கு வந்திருக்கணும். கடைசி வாரத்துல ஊரே வெயிட்லிஸ்ட்ல நிக்கும், யாருக்கும் நகராது.

இப்ப உங்க பயத்துக்கு வருவோம், கேன்சல். சேவர் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினா ஆளுக்கு 75 அமெரிக்க டாலர்ங்கிறதுதான் அவங்க கட்டணம், போடுறதுக்கு முன்னாடி இன்னைக்கு என்னனு ஒரு தடவை பாத்துக்கோங்க. ரெண்டு பேருக்கு 150 டாலர், உங்க ஊர்க் கணக்குல சுமார் 200 வெள்ளி. எதிர்ப்பக்கம் வைங்க, 2022ல ஏத்தின அளவுக்கு ஏத்துறாங்கனா ஆளுக்கு 11,500 மைல்ஸ், ரெண்டு பேருக்கு 23,000. சிங்கப்பூர்ல மைல்ஸ் சேர்க்கிறவங்க ஒரு மைலை ஒன்றரை காசுனு (சென்ட்) போடுவாங்க, அப்படிப் பாத்தா 345 வெள்ளி. போனா 345 மிச்சம், போகலனா 200 நஷ்டம். பயணம் நடக்க பத்துல நாலு பங்கு வாய்ப்பு இருந்தாலே போடுறது லாபம்னு வருது. உங்க விஷயத்துல பிரசவம், பாட்டி தாத்தா போகாம இருப்பாங்களா? பத்துல ஒன்பது.

அதுக்கும் மேல, விலை ஏறுதோ இல்லையோ சேவர் சீட்டுங்கிறது ஒரு பிளைட்டுக்கு ரொம்பக் கொஞ்சம்தான் விடுவாங்க, அதுலயும் ரெண்டு சீட் சேர்ந்தாப்ல ஒரே பிளைட்ல வேணும் உங்களுக்கு. ஸ்கூல் லீவு சமயமான ஜூன், டிசம்பர்னா கேக்கவே வேண்டாம். இப்பவே போடுங்கனு நான் சொல்றதுக்கு இதுதான் நிஜமான காரணம். விலை ஏறினா 10 சதவீதம் கூடக் குடுத்துட்டுப் போலாம், சீட்டே இல்லனா எத்தனை மைல்ஸ் வச்சிருந்தும் பிரயோஜனம் இல்ல.

உங்ககிட்ட இருக்கிற 2,30,000 ரெண்டு பேருக்குப் போற வழிக்குத்தான் காணும், போக வர பத்தாது. நான் உங்க இடத்துல இருந்தா போறதை மைல்ஸ்ல போட்டுட்டு, வர்றதை எகானமில காசு குடுத்து வாங்குவேன், இல்லனா அதுக்குள்ள சேர்ற மைல்ஸை வச்சு எகானமி சேவர் பாப்பேன். பிரசவத்துக்குப் போறவங்க எப்பத் திரும்புவாங்கனு அவங்களுக்கே தெரியாது, அதனால வர்ற டிக்கெட்டை இப்பவே அவசரப்பட்டுப் போட வேண்டாம். சில பேர் பத்தாத மைல்ஸை அவசரத்துல காசு குடுத்து வாங்குவாங்க, அது வேண்டாம், விலை அதிகம்.

நாலு விஷயம் கவனம். அப்பா அம்மாவை நாமினியா சேர்த்தாத்தான் உங்க மைல்ஸ்ல அவங்களுக்கு டிக்கெட் போட முடியும், அஞ்சு பேர் வரைக்கும் சேர்க்கலாம், முதல்ல அதைப் பண்ணுங்க. சேர்க்கும்போது பேர் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கணும், நம்ம ஆளுங்களுக்கு இங்கதான் தலைவலி, இனிஷியல் ஒரு டாக்குமெண்ட்ல முன்னாடி, இன்னொண்ணுல விரிச்சு எழுதி, சர்நேம் கட்டம் காலியா இருக்கும், அம்மா பாஸ்போர்ட்ல அப்பா பேர் பின்னாடி ஒட்டியிருக்கும், நீங்க பழக்கத்துல ஒண்ணு அடிச்சு வச்சா ஏர்போர்ட் கவுண்டர்ல மல்லுக்கட்டணும். பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு எழுத்தெழுத்தாப் பாத்து அடிங்க.

அடுத்தது காலாவதி. கிறிஸ்ஃப்ளையர் மைல்ஸ் சேர்ந்து 3 வருஷத்துல போயிடும். காலாவதி ஆகப்போற மைல்ஸைப் போட்டு டிக்கெட் எடுத்துட்டு, அந்தத் தேதி தாண்டினப்புறம் கேன்சல் பண்ணினா அந்த மைல்ஸ் திரும்ப வராது. 200 வெள்ளினு நாம போட்ட கணக்கு அப்போ தப்பாயிடும். அதனால உங்க 2,30,000ல எது எந்த மாசம் தீருதுனு லிஸ்ட் எடுத்துப் பாருங்க.

மூணாவது, விலை மாறினப்புறம் டிக்கெட்ல தேதி மட்டும் மாத்தினா என்ன கணக்கு, ஊரோ கிளாஸோ மாத்தினா என்ன கணக்குனு அறிவிப்புலயே ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படிங்க. தங்கச்சிக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னப்பின்ன ஆகலாம், நீங்க கண்டிப்பா ஒரு தடவை தேதி மாத்துவீங்க.

கடைசியா விசா. அதுக்குத் தனியா அப்ளை பண்ண ஆரம்பிங்க, டிக்கெட்டுக்காகக் காத்திருக்காதீங்க.

கேள்வி: ஏனுங்க்கா, பிளைட் கம்பெனிக்காரங்க மாத்துறது போதாதுனு கிரெடிட் கார்டு பேங்க்காரங்களும் மாத்துறாங்க. என் கார்டுல 1 லட்சம் பாயிண்ட்ஸ் இருக்குது. எல்லாத்தையும் இப்பவே ஏதாவது ஏர்லைனுக்கு மாத்தி வச்சுட்டா நிம்மதிங்களா? கடையை விட்டு எப்பப் போவேன்னு எனக்கே தெரியாதுங்க, ஆனா போனா குடும்பத்தோட மலேசியா, பாலினு போகணும்.
(வாசகர், கோவை)

பதில்: மாத்தாதீங்க சார். கார்டுல இருக்கிற வரைக்கும் அதை எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பலாம், ஒரு ஏர்லைனுக்குப் போயிடுச்சுனா அங்கயே கட்டிப் போட்ட மாதிரிதான், திரும்பி வராது. போன நிமிஷத்துல இருந்து அந்த ஏர்லைனோட காலாவதிக் கடிகாரமும் ஓட ஆரம்பிச்சுடும். எப்பப் போவேன்னு தெரியாதுங்கிற ஆளுக்கு இது சரிப்படாது. சீட் இருக்குனு கண்ணால பாத்தப்புறம்தான் மாத்தணும், அதுலயும் சில ஏர்லைனுக்கு உடனே போகும், சிலதுக்கு நாலஞ்சு நாள் ஆகும், அதுக்குள்ள சீட் போனாலும் போயிடும், அந்த ரிஸ்க் இருக்கத்தான் செய்யுது.

ஆனா பேங்க்கே மாற்று விகிதத்தைக் குறைக்கப்போறதா அறிவிச்சா கதை தலைகீழ். ஆக்சிஸ் மேக்னஸ் கார்டு ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. 2023 செப்டம்பர் 1ல இருந்து சாதா மேக்னஸ்ல 5 பாயிண்ட்டுக்கு 4 மைல்ஸ்ங்கிறதை 5க்கு 2னு ஆக்கினாங்க. 1 லட்சம் பாயிண்ட்ஸ்னா ஆகஸ்ட் வரைக்கும் 80,000 மைல்ஸ், மறுநாள் காலையில 40,000. சரிபாதி. அந்த மாதிரி வெட்டு வரும்போது பயணம் முடிவாகாட்டியும் மாத்திடுறதுதான் புத்திசாலித்தனம், என்ன ஒண்ணு, காலாவதிக்குள்ள நிச்சயம் போவோம்ங்கிற ஏர்லைனா பாத்து மாத்தணும். உங்களுக்கு மலேசியா, பாலினா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ் பக்கம் யோசிக்கலாம்.

ஏர்லைன் ஏத்துறது பெரும்பாலும் 10, 15 சதவீதத்துல நிக்கும், பேங்க் வெட்டுறது ஒரே போடு. அதனால நீங்க கவனமாப் படிக்க வேண்டியது பேங்க் மெயிலைத்தான், ஏர்லைன் மெயிலை அப்புறம் படிக்கலாம். தலைப்புல விலைக் குறைப்பு, பாயிண்ட்ஸ் வெட்டுனெல்லாம் எழுத மாட்டாங்க, உங்கள் கார்டின் மேம்பட்ட பயன்கள்னு பூ வச்சு அனுப்புவாங்க, உள்ள போய் விகிதம், உச்ச வரம்பு, மாற்றுக் கட்டணம் இந்த மூணையும் தேடுங்க. வருஷத்துக்கு இவ்வளவுதான் மாத்தலாம்னு வரம்பு போட்டுட்டாங்கனா விகிதத்தைக் குறைச்ச மாதிரிதான் அதுவும், 1 லட்சம் இருக்கிறவருக்குப் பெரிசா தெரியாது, 5 லட்சம் வச்சிருக்கிறவர் மாட்டிப்பார்.

கடைசி நாள் வரைக்கும் தள்ளாதீங்க. அன்னைக்கு ஆப் திறக்காது.

கேள்வி: ரூல் மாறுவது இருக்கட்டும் அம்மா, கம்பெனியே மூடிவிட்டால்? கிங்ஃபிஷரில் நான் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அந்தக் காலத்தில் போய்விட்டது. அதிலிருந்து பாயிண்ட்ஸ் என்றாலே நம்பிக்கை இல்லை.
(ஓய்வு பெற்ற அதிகாரி, மதுரை)

பதில்: அய்யா, கிங்ஃபிஷர் லைசென்ஸை 2012 அக்டோபர்ல நிறுத்தி வச்சாங்க, அதோட அது முடிஞ்சது. உங்களைப் போல நிறைய பேர் எழுதியிருக்காங்க. கம்பெனி திவாலானா காசு வரவேண்டியவங்க வரிசையில பேங்க், ஊழியர், விமானத்தை வாடகைக்கு விட்டவங்கனு எல்லாரும் முன்னாடி நிப்பாங்க, பாயிண்ட்ஸ் வச்சிருக்கிறவர் எங்கயோ வாசலுக்கு வெளிய.

ஆனா எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி போகல. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 ராத்திரியோட பறக்கிறதை நிறுத்திடுச்சு, அதோட பாயிண்ட்ஸ் திட்டமான ஜெட்பிரிவிலேஜ் மட்டும் தனிக் கம்பெனியா இருந்தது, எதிஹாட் ஏர்லைனுக்கு அதுல பாதிக்கு மேல பங்கு. அதனால விமானம் நின்னும் பாயிண்ட்ஸ் உடனே சாகல, அதே வருஷம் இன்டர்மைல்ஸ்னு பேர் மாத்திக்கிட்டு ஓடினது. பிளைட் கம்பெனிக்கு உள்ளயே இருக்கிற திட்டமா, தனிக் கம்பெனியானு பாக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

ரெண்டு கம்பெனியிலயும் முன்கூட்டியே தெரிஞ்ச அடையாளம் ஒண்ணுதான், சம்பளம் பாக்கி, வாடகைக்காரன் விமானத்தைப் பிடிச்சு வைக்கிறான், தினமும் பேப்பர்ல வரும். அப்போ ரூல் மாற்றத்துக்குப் போட்ட கணக்கெல்லாம் செல்லாது, பைசா கணக்குப் பாக்காம எடுத்துடணும். ஆனா அதே கம்பெனி பிளைட்ல டிக்கெட்டா எடுத்தா என்ன புண்ணியம், பறக்காத விமானத்துக்கு டிக்கெட் வச்சிருப்பீங்க. கூட்டாளி ஏர்லைன்லயோ ஹோட்டல்லயோ, சீக்கிரம் பயன்படுத்துற மாதிரி எடுக்கணும். நல்லா ஓடுற கம்பெனிக்கு இந்தப் பயம் வேண்டாம் அய்யா.

கேள்வி: ஹாய் அக்கா, நாங்க நியூஜெர்சில இருக்கோம், கைக்குழந்தை இருக்கு. டெல்டா, யுனைடெட் ரெண்டுலயும் மைல்ஸ் இருக்கு, கார்டு பாயிண்ட்ஸும் இருக்கு. போன மாசம் சென்னைக்குப் பாத்தப்போ ஒரு விலை, நேத்து பாத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ரூல் மாறிடுச்சா? நாங்க மிஸ் பண்ணிட்டோமா? கார்டுக்காரன் வேற இந்த மாசம் மாத்தினா 30 சதவீதம் போனஸ்ங்கிறான்.
(வாசகி, எடிசன்)

பதில்: ரூல் எதுவும் மாறல, அங்க ரூலே இல்லம்மா, அதான் விஷயம். டெல்டா 2015லயே இந்த ஊருக்கு இவ்வளவு மைல்ஸ்ங்கிற அட்டவணையை எடுத்துட்டான். யுனைடெட் 2019 நவம்பர் 15ல இருந்து பறக்கிற டிக்கெட்டுக்கு எடுத்துட்டான், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023ல. அதுக்கப்புறம் விலை தினம் தினம் மாறும், டிக்கெட் காசு விலை ஏறினா மைல்ஸ் விலையும் ஏறும். ஆகவே இந்த ரெண்டுலயும் மாற்றத்துக்கு முன்னாடி எடுத்துடணும்ங்கிற பேச்சுக்கே இடமில்ல, அறிவிப்பும் வராது, தேதியும் வராது. அதுல இருக்கிற மைல்ஸை சேர்த்து வைக்கிறதுல அர்த்தமே இல்ல, விலை இறங்கியிருக்கிற நாள்ல பாத்து எடுத்துட வேண்டியதுதான், அது உள்ளூர்ப் பயணமா இருந்தாலும் சரி. டிசம்பர்ல சென்னைக்கு அதுல நல்ல விலை கிடைக்கும்னு காத்திருக்காதீங்க.

கார்டு பாயிண்ட்ஸ்தான் உங்களுக்கு முக்கியம், அதைப் பத்திரமா வச்சுக்கோங்க. இன்னும் அட்டவணை வச்சிருக்கிற திட்டம் சிலது இருக்கு, ஏர் கனடாவோட ஏரோபிளான் ஒண்ணு, அதுல கூட்டாளி ஏர்லைன்ஸ் பலதுக்குத் தூரத்தை வச்சு அட்டவணை உண்டு, ஏர் இந்தியா, லுஃப்தான்ஸா எல்லாம் அதுல எடுக்கலாம். மடியில உக்காந்து வர்ற குழந்தைக்கு 2,500 பாயிண்ட்ஸ் இல்ல 25 கனடா டாலர்தான், மத்த பல திட்டத்துல பெரியவங்க டிக்கெட் காசு விலையில 10 சதவீதம்னு கேப்பாங்க, பிசினஸ் கிளாஸ்னா அந்த 10 சதவீதமே கண்ணைக் கட்டும். குழந்தைக்கு ரெண்டு வயசு ஆகிறதுக்குள்ள போறதா இருந்தா இதைப் பாருங்க, வழியில ரெண்டு வயசு தாண்டினா திரும்பி வர்றதுக்குத் தனி சீட் வேணும், அதையும் மறந்துடாதீங்க.

30 சதவீத போனஸுக்கு ஆசைப்பட்டு சும்மா மாத்தி வைக்காதீங்க. அந்தத் திட்டத்துல சீட் இருக்கு, தேதி ஒத்து வருது, உங்க கணக்குல லாபமும் இருக்குனா மாத்துங்க, அப்போ போனஸ் நிஜமாவே போனஸ். இல்லனா விட்டுடுங்க, போனஸ் மறுபடி வரும், இவங்களுக்கு அது தீபாவளி தள்ளுபடி இல்ல, வருஷத்துல பல தடவை குடுப்பாங்க.

கேள்வி: எங்கிட்ட மொத்தமே 4,000 மைல்ஸ்தான், அடுத்த மாசம் காலாவதி. இதை வச்சு ஒரு டிக்கெட்டும் எடுக்க முடியல. காசு கட்டினா ஆறு மாசம் நீட்டிக்கலாம்னு மெயில் வந்திருக்கு. கட்டலாமா? இல்ல டிராவல் பேக் ஒண்ணு காட்டுது, அதை வாங்கிடவா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஆறு மாசத்துல வேற பயணம் போய் இன்னும் மைல்ஸ் சேரப்போகுதா? சேராதுனா காசு கட்டாதீங்க, ஆறு மாசம் கழிச்சு இதே கேள்வியைத்தான் மறுபடி எழுதுவீங்க. பேக் வேணும்னா வாங்கிக்கோங்க, ஆனா டெலிவரி சார்ஜ் எவ்வளவுனு பாத்துட்டு வாங்குங்க, சில சமயம் அந்தக் காசுக்கு டவுன் கடையிலயே பேக் கிடைக்கும்.